தூதுவளை போதுமா, பம்பு வேணுமா? ஆஸ்துமா நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

"தம்பி, அந்த நீல பம்பு ஒண்ணு குடுங்க."

மார்கழி, தை மாதங்களில் வடலூர் நான்குமுனைச் சந்திப்பு பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். சீட்டு கிடையாது. டாக்டரைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்டால் சரியான பதிலும் கிடையாது. போன மாசம் வாங்கிய பம்பு தீர்ந்துவிட்டது, அதனால் இன்னொன்று. அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு? பம்பு வாங்குவது தப்பே இல்லை. அது ஏன் ஒரே மாசத்தில் தீர்ந்தது என்பதுதான் கேள்வி. ஒரு சல்பூட்டமால் பம்பில் பொதுவாக 200 முறை அழுத்துகிற அளவுக்கு மருந்து இருக்கும். 30 நாளில் தீர்ந்தால், தினமும் ஏறக்குறைய ஏழு முறை அழுத்தியிருக்கிறார் என்று கணக்கு. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு சொல்வதைப் பாருங்கள்: வருஷத்துக்கு மூன்று நீல பம்பு தீர்ந்தாலே திடீர்த் திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. 12 தீர்ந்தால், அதாவது மாசம் ஒன்று என்றால், உயிர் போகும் ஆபத்தே கூடுகிறது.

இது மிரட்டல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க 26.2 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது, 4.55 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் சுமார் 3.4 கோடி நோயாளிகள். உலக ஆஸ்துமா நோயாளிகளில் நம் பங்கு சுமார் 13 சதவீதம். ஆனால் இறப்பில் நம் பங்கு சுமார் 42 சதவீதம். நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம், எந்த மருந்தை எப்போது எடுக்கணும் என்பது நோயாளியின் கைக்குப் போய்ச் சேராததுதான்.

இழுப்பு வராத நாளிலும் நோய் இருக்கு

இளைப்பு, இழுப்பு, வீசிங் என்று ஊருக்கு ஒரு பெயர். உள்ளே நடப்பது இரண்டு விஷயம். ஒன்று, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக் குழாய் சுருங்குவது. இது சட்டென்று நடக்கும், நீல பம்பு போட்டால் சில நிமிடத்தில் விலகும். இன்னொன்று, குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளி சேர்ந்திருப்பது. இது சத்தம் போடாமல் நாள்கணக்கில், மாசக்கணக்கில் உள்ளேயே இருக்கும். நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கும் நாளிலும் இருக்கும். தூசியோ புகையோ ஜலதோஷமோ வந்தால் இந்த வீங்கிய குழாய்தான் முதலில் இறுகுகிறது.

அதனால்தான் இரண்டு விதமான மருந்து. சல்பூட்டமால் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பியூடசோனைடு போன்ற, உள்ளே இழுக்கும் ஸ்டீராய்டு. அது தினமும் போடவேண்டிய தடுப்பு மருந்து, முழுப் பலன் தெரிய நாள்கள், சில பேருக்கு வாரங்கள் ஆகும். போட்டவுடன் எதுவும் தெரியாததால் 'இது வேலை செய்யல' என்று நிறுத்திவிடுகிறோம். நீல பம்பு உடனே வேலை செய்வதால் அதையே பிடித்துக்கொள்கிறோம். சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

2019-ல் ஜினா தன் வழிகாட்டுதலையே மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் நீல பம்பு மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது, ஸ்டீராய்டு சேர்ந்த பம்பு ஏதாவது ஒரு வடிவில் இருந்தே ஆகணும் என்றது. பியூடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பம்பைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். 'இதுல எது தினமும், எது அவசரத்துக்கு?' என்ற ஒரு கேள்வியை டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ கேட்டு, பதிலை டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

'பம்பு போட்டா பழகிடும்', 'அது ரொம்ப ஹெவி டோஸ்' என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சல்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் இருப்பது 40 அழுத்தலின் மருந்து. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்பு நேராக நுரையீரலுக்குப் போகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது, சீட்டில்லாமல் மாசக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்குத்தான். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும். பெயர் எழுதாத பொட்டலத்தில் 'ஒரே வாரத்துல இழுப்பு போயிடும்' என்று விற்கும் பொடி எதுவாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாயில் போடாதீர்கள்.

தூதுவளை: சிதம்பரத்தில் அளந்து பார்த்தார்கள்

வடலூரில் ஆஸ்துமா பற்றிப் பேசிவிட்டுத் தூதுவளையைப் பேசாமல் போக முடியாது. வள்ளலார் அன்றாட ஒழுக்கத்துக்குச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை மூன்றும் உண்டு. வேலியோரம் முள்ளோடு படரும் தூதுவளையைப் பறித்து ரசம், துவையல், அடை என்று சளிக்காலத்தில் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதில்லை. கண்டங்கத்திரியும் அப்படித்தான்.

இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாமல் அளந்து பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசான, நடுத்தர ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தூதுவளை அல்லது கண்டங்கத்திரிப் பொடி 300 மில்லிகிராம் ஒரு வேளை கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளந்தார்கள். ஒப்பிடுவதற்குச் சல்பூட்டமால் மாத்திரையும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டெரிஃபிலினும். 1999-ல் 'ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி' இதழில் முடிவு வெளியானது. இரண்டு மூலிகையும் மூச்சைக் கொஞ்சம் திறந்துவிட்டன. ஆனால் இரண்டு மருந்தையும் விடக் குறைவாகத்தான்.

2004-ல் அடுத்த ஆய்வு. இந்த முறை தினம் மூன்று வேளையாக மூன்று நாள். மூச்சளவு நாளுக்கு நாள் கூடியது, இருமலும் சளியும் குறைந்தன. டெரிஃபிலினுக்குச் சமம், சல்பூட்டமாலை விடக் குறைவு என்று எழுதினார்கள்.

ஆக தூதுவளையில் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகள் சொல்லும் எல்லையையும் சேர்த்துப் படிக்கணும். சோதித்தது லேசான, நடுத்தர நோயாளிகளிடம். காலம் சில மணி நேரம் அல்லது மூன்று நாள். ஒப்பிட்டது தசையைத் தளர்த்தும் மருந்துகளோடு. தினசரி ஸ்டீராய்டு பம்பு செய்யும் வேலையைத் தூதுவளை செய்யும் என்று இதில் எங்கும் இல்லை, ராத்திரி மூச்சு முட்டும்போது ரசம் வைத்துக் கொடுங்கள் என்றும் இல்லை. தூதுவளை ரசம் சாப்பிடுங்கள், தாராளமாக. அதற்காகப் பம்பை நிறுத்தாதீர்கள். சித்த மருந்து எடுப்பதாக இருந்தால் தகுதியான சித்த மருத்துவரிடம் போய், போடுகிற பம்பு பெயரைச் சொல்லி எடுங்கள். இந்தப் பக்கம் டாக்டரிடம் மூலிகையை மறைப்பது, அந்தப் பக்கம் வைத்தியரிடம் பம்பை மறைப்பது, இரண்டுமே நமக்குத்தான் நஷ்டம்.

பம்பு வாங்கியாச்சு, இழுக்கத் தெரியுமா?

மருந்து சரி, டோஸ் சரி, ஆனாலும் கட்டுப்படவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இழுக்கும் முறையை. தொண்டையில் அடித்து வயிற்றுக்குள் போகிற மருந்தால் நுரையீரலுக்கு என்ன பயன்?

அழுத்தும் வகை பம்பு என்றால் நன்றாகக் குலுக்கணும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வாயில் இறுக்கமாக வைத்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்தணும். இழுத்து முடித்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கணும். இரண்டாவது அழுத்தலுக்கு அரை நிமிடம் காத்திருக்கணும். கேப்ஸ்யூல் போட்டுச் சுற்றும் ரோட்டாஹேலர் இதற்கு நேர் எதிர், வேகமாக, பலமாக இழுக்கணும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் யார்தான் என்ன செய்வார்கள்? ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடணும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சைப் புண் வரும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராத குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை. பம்பை ஒரு பக்கம் மாட்டி அழுத்தினால் மருந்து குடுவைக்குள் நிற்கும், மறுபக்கம் நிதானமாக நாலைந்து முறை மூச்சு விட்டு இழுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பு நுழையும்படி ஓட்டை போட்டு, அதையே ஸ்பேசராக்கிச் சோதித்தார்கள். குழந்தைகளின் இழுப்புக்குக் கடையில் வாங்கும் ஸ்பேசர் அளவுக்கே அது வேலை செய்தது என்று 1999-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அவசரத்துக்கு இது நினைவில் இருக்கட்டும். தினசரிக்கு நல்ல ஸ்பேசரே வாங்கிவிடுங்கள். அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடணும். துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பம்பையும் கையோடு கொண்டுபோய், அவர் எதிரிலேயே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

நாலு கேள்வி, ஒரு கருவி, ஒரு காகிதம்

ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியும். கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் இழுப்பு வந்ததா? ராத்திரி அதனால் எழுந்தீர்களா? அவசர பம்பு வாரம் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? மாடிப்படி, வயல் வேலை, விளையாட்டு எதையாவது மூச்சுக்குப் பயந்து குறைத்தீர்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றிரண்டு 'ஆமாம்' என்றால் பாதிதான். மூன்று, நாலு என்றால் உடனே டாக்டரைப் பார்க்கணும். நம்மில் பலர் 'எனக்கு ஒண்ணும் இல்ல, ராத்திரி மட்டும் ரெண்டு தடவை எழுந்து உக்காருவேன்' என்கிறோம். அந்த 'மட்டும்'தான் நோய்.

கருவியின் பெயர் பீக் ஃப்ளோ மீட்டர். முழு மூச்சு இழுத்து, ஒரே ஊதலாக வேகமாக ஊதினால் முள் ஒரு எண்ணில் நிற்கும். மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் நாள்களில் வரும் அதிகபட்ச எண்தான் உங்கள் சொந்த அளவு. அது 400 என்று வைத்துக்கொண்டால், 320-க்கு மேல் பச்சை, வழக்கம்போல இருக்கலாம். 200-லிருந்து 320 வரை மஞ்சள், டாக்டர் சொல்லிவைத்தபடி மருந்தைக் கூட்டணும். 200-க்குக் கீழே போனால் சிவப்பு, அவசரம். மூச்சு முட்டுவது நமக்குத் தெரிவதற்கு முன்பே எண் இறங்கிவிடுவதும் உண்டு. அதுதான் இந்தச் சின்னக் குழாயின் பயன்.

அப்புறம் அந்தக் காகிதம். எந்த நிறத்தில் இருந்தால் எந்த மருந்து, எத்தனை தடவை, எப்போது ஆஸ்பத்திரி என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம். பெரியவர்களிடம் நடந்த 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது கோக்ரேன் அமைப்பு. தன்னைத்தானே கண்காணிப்பது, டாக்டரிடம் ஒழுங்காகப் போய் வருவது, எழுதிய திட்டம், இது மூன்றும் சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்வது கணிசமாகக் குறைகிறது என்று கண்டார்கள். 'ஆஸ்துமா என்றால் என்ன' என்று ஒரு நோட்டீஸ் கொடுத்து அனுப்புவதால் அந்தப் பலன் வரவில்லை. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அப்படி எழுதிய திட்டம் கையில் இருந்தவர்கள் 23 சதவீதம் பேர்தான். எல்லா வசதியும் உள்ள நாட்டின் கதை இது.

நம் ஊர் ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் தானாக எழுதித் தருவார் என்று காத்திருந்தால் நடக்காது. ஒரு வெள்ளைத்தாளை நீங்களே நீட்டுங்கள்: 'டாக்டர், இழுப்பு அதிகமானா என்ன பண்ணணும்னு இதுல எழுதிக் குடுங்க.' தமிழில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவரும் படித்து வைத்திருக்கணும், மூச்சு முட்டும்போது நோயாளியால் பேச முடியாது.

ஊர்ப் புகை, ஊர்த் தூசி

தூண்டிவிடுவது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடையில் பறக்கும் நெல் தூசி, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை, நெய்வேலி சுரங்கச் சாலைகளில் லாரித் தூசி, கடலூர் சிப்காட் பக்கம் ரசாயன நெடி. போகியன்று டயர், தீபாவளியில் பட்டாசு. வீட்டுக்குள்ளே கொசுவத்தி, சாம்பிராணி, தலையணைத் தூசி. தைப்பூச ஜோதி தரிசனத்துக்கு விடியற்காலைப் பனியில் வரிசையில் நிற்கும் பெரியவர்கள் காதோடு சேர்த்து மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, அவசர பம்பை இடுப்பிலேயே வைத்திருப்பது நல்லது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஊகத்தில் முடிவு பண்ணினால் கடைசியில் குழந்தையின் தட்டில்தான் கை வைக்கிறோம். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, தக்காளி கூடாது. சாப்பாட்டால் ஆஸ்துமா தூண்டப்படுவது குறைவானவர்களுக்குத்தான். நோட்டில் இரண்டு மூன்று தடவை உறுதியானால் மட்டும் நிறுத்துங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆஸ்பிரின் போன்ற சில வலி மாத்திரைகளும், பிரஷருக்கும் கண் அழுத்தத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். பல் டாக்டர், கண் டாக்டர் என்று யாரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மூச்சு முட்டும்போது

படுக்க வைக்காதீர்கள், நேராக உட்கார வையுங்கள். நீல பம்பு நாலு தடவை, ஒவ்வொன்றாக, ஸ்பேசர் வழியாக, ஒவ்வொரு அழுத்தலுக்கும் நாலு மூச்சு. நாலு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதே நாலு நாலாகத் தொடருங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, ஆள் தூக்கக் கலக்கமாகிறார் என்றால் நாலு நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம். வீசிங் சத்தம் திடீரென்று நின்று, ஆள் மட்டும் திணறினால் 'சரியாயிடுச்சு' என்று நினைக்காதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

கரன்ட் இல்லாத ராத்திரி

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லணும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல் என்று அது முடிந்த கதையும் இல்லை. வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்ற தைரியம் கரன்ட் போனதும் போய்விடும். உயிருக்கு ஆபத்தான நிலை இல்லை என்றால், ஸ்பேசரோடு போடும் பம்பு நெபுலைசர் அளவுக்கே பலன் தரும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதற்கு மின்சாரம் தேவையில்லை. வெள்ளம் வடிந்தபிறகு சுவரில் படரும் பூஞ்சையும் இழுப்பைத் தூண்டும் என்பதால் ஈரச்சுவரைக் கழுவும் வேலையை ஆஸ்துமா உள்ளவரிடம் விடாதீர்கள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கவரில் அவசர பம்பு, தினசரி பம்பு, ஸ்பேசர், டாக்டர் எழுதிய காகிதம் நான்கையும் போட்டு ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பம்பில் எவ்வளவு மிச்சம் என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் சரியான அளவைக் காட்டாது. பின்பக்கம் எண் காட்டும் கவுன்ட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் திறந்த தேதியை டப்பாவில் எழுதி, ஒரு நாளைக்கு எத்தனை அழுத்தல் என்று வைத்து 200-லிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.